பச்சை லைட்டுக்கு ஒரு பதிவேடு

சட்டை தைக்கும் கம்பெனியில், பெண்கள் வாசலில் முப்பத்தொரு வருஷம் செக்கிங் வேலை பார்த்தவள் நான். பையைத் திறக்கச் சொல்வது, உள்ளே போனவர் வெளியே வந்தவர் நேரத்தைப் பதிவேட்டில் எழுதுவது, இதுதான் வேலை. என் கண்ணில் மண்ணைத் தூவியவர் என்று ஒருத்தர் கிடையாது. அப்பேர்ப்பட்ட என்னைக் கண்காணிக்க என் வீட்டு ஹாலிலேயே கேமரா மாட்ட ஏற்பாடு செய்தான் என் மகன். எனக்கு எப்படி இருந்திருக்கும்!

எல்லாம் ஒரு ஸ்டூலால் வந்த வினை. பரணிலிருந்த பெட்டியை எடுக்க ஏறி, விழுந்து, இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். கட்டுப் பிரித்த அன்றே மகன் தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"ஒரு மாசம் பாக்கறேன்மா. ஸ்டூல் பக்கமே போகாம ஒழுங்கா இருந்தா இங்கேயே இரு. இல்லன்னா மூட்டையைக் கட்டிட்டு என் வீட்டுக்கு வந்துரு."

அவன் வீடு நான்கு மணி நேரப் பயணம் தள்ளி, பதினாலாவது மாடியில் இருக்கிறது. அங்கே ஜன்னலைத் திறந்தால் மேகம்தான். என் வீட்டு ஜன்னலைத் திறந்தால் தெருவே என்னிடம் பேசும். யார் சைக்கிள் பஞ்சர், எந்தப் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் எனக்கு அத்துப்படி. அந்த ஜன்னலை விட்டுப் போ என்றால் உயிரை விடு என்று சொல்வதுபோல்தான்.

கேமரா மாட்ட வந்தவர் தடிமனான மூக்குக்கண்ணாடி போட்டவர், பேச்சுப்பிரியர். வாசல் கதவில் ஒரு சென்சார், என் கையில் அவசரத்துக்கு அமுக்க பட்டன் வைத்த ஒரு பட்டை, ஹால் மூலையில் கேமரா என்று பொருத்திவிட்டுக் கிளம்பும்போது சொன்னார். "பயப்படாதீங்கம்மா. உங்க பையன் போன்ல உங்களைப் பாக்கும்போது மட்டும் இதுல பச்சை லைட் எரியும். பாக்கலன்னா அணைஞ்சிரும்." ஆபீசில் வேலை என்று மகன் அன்று வரவில்லை. ஆகவே இந்த ரகசியம் எனக்கு மட்டும் கிடைத்தது.

அன்றிலிருந்து நாடகம் ஆரம்பம். பச்சை எரிந்தால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். மாத்திரையைக் கேமராவுக்குத் தூக்கிக் காட்டி விழுங்குவேன். ஒருநாள் அவசரத்தில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துவிட்டேன். பச்சை அணைந்ததோ இல்லையோ, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிவிடுவேன். பரணைத் துடைத்தேன், மின்விசிறியைத் துடைத்தேன். துடைக்க ஒன்றுமில்லாத நாளில் சும்மாவாவது ஏறி நின்றேன்.

பழக்கம் விடுமா? பழைய நோட்டு ஒன்றில் கோடு போட்டு, பச்சை வந்த நேரம், போன நேரம் என்று எழுத ஆரம்பித்தேன். முதல் வாரம் காலை எட்டு மணிக்கு இரண்டு நிமிஷம், சாயங்காலம் ஏழு மணிக்கு மூன்று நிமிஷம். ஆபீஸ் போகிறவன் அப்படித்தான் பார்ப்பான். இரண்டாம் வாரம் எல்லாம் குளறுபடி ஆனது. செவ்வாய் காலை பதினொன்று பத்துக்கு வந்த பச்சை, பத்தொன்பது நிமிஷம் நகரவில்லை. புதன் மூன்று மணிக்கு வந்து நாற்பது நிமிஷம் நின்றது. வியாழன் காலை முழுக்க விட்டுவிட்டு எரிந்தது. அந்த நேரத்தில் நான் கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன்மா" என்பான். பின்னால் காக்கா கத்தும். எந்த ஆபீஸ் மீட்டிங்குக்குக் காக்கா வருகிறது?

கேட்டுவிடலாம் என்று போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். போனில் கேட்டால் நழுவிவிடுவான்.

மாதம் முடிந்த அன்று பகலில் அவனே வந்தான். சட்டை இஸ்திரி போட்டிருந்தது, முகம்தான் கசங்கியிருந்தது. உட்கார்ந்ததும் போனை என் முன் நீட்டினான். அதில் நான் ஸ்டூல் மேல், கையில் துடைப்பத்தோடு, ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். அதுபோல மொத்தம் பதினாலு படம்.

"ஆள் அசைஞ்சாலே அது படம் எடுத்து வச்சுக்கும்மா. நான் பாத்துட்டே இருக்கணும்னு இல்ல."

மூக்குக்கண்ணாடிக்காரர் இதை மட்டும் சொல்லாமல் போயிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

"பெட்டியைக் கட்டும்மா. நான் வேலையை விட்டுட்டு உன்னைப் பாத்துக்கறேன்."

அவன் குரலில் கோபமே இல்லை. நிம்மதி இருந்தது. அதுதான் எனக்கு இடித்தது. பெற்றவள் ஸ்டூலில் ஏறினாள் என்று எந்தப் பிள்ளையாவது நிம்மதிப்படுவானா?

நோட்டை எடுத்து வந்து வாசித்தேன். "செவ்வாய், பதினொண்ணு பத்து, பத்தொம்பது நிமிஷம். புதன், மூணு மணி, நாப்பது நிமிஷம்."

"என்னம்மா இது?"

"நீ என்னைப் பாத்த நேரம். பாக்கும்போது பச்சை லைட் எரியுமே, தெரியாதா உனக்கு?" அவன் அண்ணாந்து கேமராவைப் பார்த்தான். "நீ வேலையை விடப் போறியா, இல்ல வேலை உன்னை விட்டுருச்சா?"

நோட்டை என் கையிலிருந்து வாங்கிப் பக்கத்தைப் புரட்டினான். "மூணு வாரம் ஆச்சும்மா. உன் மருமககிட்ட சொல்லல. தினமும் ஆபீஸ் போற மாதிரி கிளம்பி பார்க்குல உக்காந்துப்பேன். உன்னைப் பாத்துட்டு இருந்தா பொழுது போகும். நீ பேப்பரைத் தலைகீழா படிச்ச அன்னிக்குத்தான் சிரிச்சேன். உன்னைக் கூட்டிட்டுப் போயிட்டா, அம்மாவுக்காக வேலையை விட்டேன்னு அவகிட்ட சொல்லிக்கலாம்னு..."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தன் பொய்யை மூட என் ஜன்னலையல்லவா பிடுங்கப் பார்த்திருக்கிறான்! ஆனால் பார்க் பெஞ்சில், காக்காவுக்குப் பக்கத்தில், டிபன் டப்பாவோடு அவன் தனியாக உட்கார்ந்திருப்பதும் கூடவே கண்முன் வந்தது.

கம்பெனி வாசலில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. எவளாவது துணியையோ நூல்கண்டையோ இடுப்பில் செருகி வந்தால் நான் தொட்டுத் தடவிப் பார்க்க மாட்டேன். "மறைச்சதை மேசை மேல வச்சிரு" என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று பத்து எண்ணுவேன். திரும்பும்போது பொருள் மேசையில் இருக்கும். பதிவேட்டில் ஒரு வரி ஏறாது. பள்ளிக்கூடம் விட்டதும் என் பக்கத்தில் வந்து உட்காரும் மகனும் அதைப் பார்த்து வளர்ந்தவன்தான்.

அவன் போனை வாங்கி மேசையில் வைத்தேன். "மறைச்சதை மேசை மேல வச்சிரு." சுவர்ப் பக்கம் திரும்பி, "ஒண்ணு" என்றேன்.

ஐந்து வரைக்கும் சத்தமே இல்லை. ஏழுக்கு அப்புறம் எட்டு வருவதற்கு வெகு நேரம் பிடித்தது. வாசலில் எவளுக்கும் நான் அவ்வளவு சலுகை கொடுத்ததில்லை. ஒன்பதில் போன் ஸ்பீக்கரில் மருமகள் குரல் கேட்டது.

"சொல்லுங்க, மீட்டிங் முடிஞ்சுதா?"

"மீட்டிங் எதுவும் இல்ல" என்றான் மகன். அதற்குமேல் கேட்டது அழுகைதான்.

திரும்பினேன். மூலையில் இருந்த கேமரா எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டிருந்தது. என் பிள்ளை அழுவது எந்தப் பதிவேட்டிலும் ஏற வேண்டாம். கேமராவை மூடத் தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு, ஸ்டூலை மூலைக்கு இழுத்து ஏறினேன்.

மகன் என்னைப் பார்த்தான், எழுந்து வந்தான். ஒரு கையில் போன், மறு கையால் ஸ்டூலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் மருமகளிடம் சொல்ல ஆரம்பித்தான்.