பெயர் மட்டும் மாற்றியது

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியை ஒட்டிய சந்தில் நீரஜாவின் வீடு. அவள் அண்ணன் அம்பி அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டி மூன்று வருஷம் ஆகியிருந்தது. என்ஜினீயரிங் மூன்றாம் வருஷப் பரீட்சையின்போது பாதியில் எழுந்து வீட்டுக்கு வந்தவன், பிறகு கல்லூரிப் பக்கமே போகவில்லை. தான் மனசுக்குள் நினைப்பது அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் கேட்கிறது என்றான். யாரோ அதையெல்லாம் எழுதிவைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றான். பின்னறை ஜன்னல் இடுக்குகளில் செய்தித்தாளைக் கிழித்து அடைத்தான்.

அப்பா வெங்கடரமணன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். விசாரித்தவர்களிடம், "ஐ.ஏ.எஸ்ஸுக்குப் படிச்சிண்டிருக்கான்" என்று சொல்லிவந்தார். சொல்லிச் சொல்லி அவருக்கே அது பாதி நிஜமாகிவிட்டிருந்தது. அம்மா விசாலாக்ஷி எதுவும் சொல்வதில்லை. யாராவது வந்தால் பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு வருவாள், அவ்வளவுதான்.

அம்பி நம்பியது நீரஜா ஒருத்தியைத்தான். தட்டில் இருக்கும் தயிர்சாதத்தில் அவள் முதல் வாய் சாப்பிட்டுக் காட்டினால்தான் அவன் கை வைப்பான்.

தொண்ணூற்று மூன்றில் அவள் எம்.ஏ. சைக்காலஜியில் சேர்ந்தாள். "டீச்சர் வேலைக்கு உதவும்" என்று அப்பாவிடம் சொன்னாள். அவள் எதற்காகச் சேர்ந்தாள் என்பது அப்பாவுக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசவில்லை.

கிளினிக்கல் சைக்காலஜி எடுத்தவர் ஜஹீதா மேடம். முதல் வகுப்பிலேயே, "கேஸ் ஹிஸ்டரி எழுதறப்போ பேரை மாத்திடுங்க. ஆளை மாத்தாதீங்க" என்றார். ஆளுக்கு ஒரு நோயாளியைப் பார்த்து எழுத வேண்டும். ஆஸ்பத்திரியில் நீரஜாவுக்கு ஒதுக்கப்பட்ட ஆள் பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விட்டார். கொடுக்க வேண்டிய தேதி நெருங்கியது. அவள் உட்கார்ந்து, 'கே., ஆண், வயது 24, வடபழனி' என்று ஆரம்பித்தாள்.

இரண்டு நாளில் பதினோரு பக்கம் எழுதினாள். சீப்பில் வரும் முடியைக் கவரில் போட்டு ஒட்டிவைப்பது, முதல் வாய்ச் சாதம், எல்லாம். பரீட்சை ஹாலில் மின்விசிறி தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதை அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு ஒரு தடவைதான் சொல்லியிருந்தான். அதையும் எழுதினாள். எழுதும்போது மனசு லேசாயிற்று. நன்றாக எழுதியிருக்கிறோம் என்று கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

அடுத்த வாரம் மேடம் அதை வகுப்பில் உரக்கப் படித்தார். "இது நம்ம நீரஜா எழுதினது" என்று பாராட்டாக ஆரம்பித்தார். இருபத்திரண்டு பேர் கேட்டார்கள். மின்விசிறி வந்த இடத்தில் பின் பெஞ்சில் யாரோ மெல்லச் சிரித்தார்கள்.

"இந்தப் பையன் தேறுவானா? யார் சொல்றீங்க?"

முன் பெஞ்சு ஸ்ரீலக்ஷ்மி எழுந்தாள். "நோய் கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிச்சிருக்கு மேடம், அது நல்ல அறிகுறி இல்லை. மூணு வருஷம் வைத்தியமே இல்லை. வீட்ல நோய்னே ஒத்துக்கலை. தேறறது கஷ்டம்."

"கரெக்ட்" என்றார் மேடம். "இதுல நோயைவிட அந்தக் குடும்பம் பண்ணினதுதான் பெரிசு."

ஸ்ரீலக்ஷ்மி உட்கார்ந்தாள். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நீரஜாவும் பேனாவைத் திறந்து, 'தேறுவது கஷ்டம்' என்று நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு மேடத்தின் மேஜை அருகே போய் நின்றாள். "அது என் அண்ணா மேடம்."

ஜஹீதா மேடம் அந்தப் பதினோரு பக்கத்தையும் அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "தெரிஞ்சிருந்தா படிச்சிருக்க மாட்டேன்மா" என்றார். பிறகு, "தேறவே மாட்டான்னு இல்லை. மாத்திரை இருக்கு. வியாழக்கிழமை டாக்டர் கங்காதரன் தி.நகர்ல பார்க்கறார். எப்படியாவது கூட்டிட்டு வந்துடு. நானும் வரேன்" என்றார்.

வீட்டில் சொன்னதும் அப்பா கத்தவில்லை. "உனக்கு வரன் பார்த்திண்டிருக்கேன்டி. அந்த டாக்டராத்து வாசல்ல நம்மளை யாராவது பார்த்தா என்னாகும்னு யோசிச்சியோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பூஜை அறைக்குப் போய்விட்டார். அம்மா சமையலறையில் அவள் காதோடு சொன்னாள்: "அப்பா ஸ்கூலுக்குப் போனப்பறம் அழைச்சிண்டு போ. நான் பார்த்துக்கறேன்."

மூன்று நாள் அவனோடு உட்கார்ந்து பேசினாள். புதன்கிழமை சாயந்திரம் அவன் தலையாட்டினான்.

"நீ பக்கத்துலயே இருப்பியோ?"

"இருப்பேன் அண்ணா."

"அந்த டாக்டர் எழுதிக்கப்படாது."

"எழுதிக்க வேண்டாம்னு சொல்றேன்."

வியாழக்கிழமை காலை அம்மா இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டையை அவனே போட்டுக்கொண்டான். தாடியைத் தொட விடவில்லை. பரவாயில்லை என்று நீரஜா ஆட்டோ கூட்டிவர லஸ் கார்னருக்குப் போனாள். போகும்போது தோள்பையைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். வீட்டைவிட்டு வெளியே போகும் எந்தப் பொருளையும் அம்பி ஒரு தடவை சோதித்துப் பார்ப்பான் என்பது அவளுக்குத் தெரிந்ததுதான். அன்று காலைச் சந்தோஷத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

அவள் திரும்பி வந்தபோது அவன் கூடத்தில் நின்றுகொண்டிருந்தான். கையில் அந்தப் பதினோரு பக்கங்கள். மேலே சிவப்பு மையில் 'மிக நன்று' என்று இருந்தது.

"கே.ன்னா யாரு?"

"அண்ணா, அது..."

"ஃபேன் கூப்பிட்டதை உங்கிட்ட மட்டும்தான் சொன்னேன். யாருக்கெல்லாம் படிச்சுக் காட்டினே?"

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. "கிளாஸ்ல" என்றாள். "இருபத்திரண்டு பேர்."

அவன் முகத்தில் கோபம் இல்லை. கணக்குக்கு விடை சரியாக வந்துவிட்டவனைப்போல ஒரு நிதானம் இருந்தது.

"எழுதறான்னு நான் சொன்னப்போல்லாம் இல்லவே இல்லேன்னேளே" என்றான்.

காகிதங்களை மடித்து அவள் கையில் கொடுத்தான். செருப்புப் போடாமல் படியிறங்கினான். ஆட்டோவில் ஏறத்தான் போகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் ஆட்டோவைக் கடந்து சந்து முனையில் திரும்பினான். அவள் ஓடினாள். மாட வீதியில் காய்கறிக் கடைகளில் கூட்டம். "அண்ணா, அண்ணா" என்று கத்தினாள். வெள்ளைச் சட்டைகள் நிறைய இருந்தன. தெப்பக்குளத்து மூலைவரை ஓடிப் பார்த்தாள். அவன் இல்லை.

அன்று மத்தியானம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் கேட்டார்: "வீட்ல சண்டையா சார்? மனநிலை எப்படி?"

"நன்னாத்தான் இருந்தான்" என்றார் அப்பா. "ஐ.ஏ.எஸ்ஸுக்கு..."

"இல்லை சார்" என்றாள் நீரஜா. "மூணு வருஷமா உடம்பு சரியில்லை. மனசுல."

ரைட்டர் எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். 

மறுநாளிலிருந்து அப்பாவும் அவளும் தேடினார்கள். மாம்பலம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் நின்று ரயிலுக்கு ரயில் இறங்கும் முகங்களைப் பார்த்தார்கள். ரங்கநாதன் தெருவில் கடை கடையாகப் போட்டோவைக் காட்டினார்கள். அது தாடி இல்லாத, கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோ. யாருக்கும் தெரியவில்லை. வெள்ளியும் சனியும் அப்படியே போயின.

ஞாயிற்றுக்கிழமை பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் அந்தோணியம்மாள் போட்டோவை வாங்கி வெயிலில் சாய்த்துப் பார்த்தாள்.

"தாடி வுட்டுக்கினு, வெள்ளைச் சட்டை, கால்ல செருப்பு இல்லாம... அவர்தானே? ரெண்டு மூணு நாளா அந்தப் படகாண்ட குந்திக்கினு இருந்தாரு."

அப்பா அவள் எதிரே அப்படியே மணலில் முழங்கால் போட்டுவிட்டார். "எம் பிள்ளைம்மா. அவனுக்கு மனசு சரியில்லை" என்றார். தன் வாயால் அதை அவர் சொல்லி நீரஜா கேட்டது அதுதான் முதல் தடவை.

"பார்த்தாலே தெரியுதே சாமி" என்றாள் அந்தோணியம்மாள். "டீ வாங்கியாந்து குடுத்தேன், தொடல. நீ எழுதுவியான்னு கேட்டாரு. நமக்கு ஏது நைனா எழுத்து, கைநாட்டுதான்னேன். அப்பால தான் வாங்கிக் குடிச்சாரு."

"இப்போ எங்கே?"

"காலைல நாங்க மீனு எறக்கிக்கினு இருக்க சொல்லோ எந்திரிச்சு அந்தாண்ட போனாரு." தெற்கே கை காட்டினாள். "ஆறு கடல்ல சேருது பாரு, அந்தப் பக்கம்."

இருவரும் நடந்தார்கள். மணல் சுட்டது. குடிசைகள் முடிந்து ஆள் நடமாட்டம் இல்லாத இடம் வந்தது. முகத்துவாரத்தில் தண்ணீர் பழுப்பாக, சத்தமில்லாமல் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் யாரும் இல்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்த இரண்டு பேரை அப்பா கேட்டார். தாங்கள் காலையில் இங்கே வரவில்லை, யாரையும் பார்க்கவில்லை என்றார்கள்.

அப்பா தண்ணீர் ஓரம் வரை போய், வேட்டி நனைய நின்றார்.

"நீ இதெல்லாம் படிச்சவ" என்றார், திரும்பிப் பார்க்காமல். "சொல்லு. இங்கேர்ந்து அவன் எங்கேடி போயிருப்பான்?"

நீரஜா, மணலில் செருப்பில்லாத கால்தடம் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தபடி கரையோரமாக நடக்க ஆரம்பித்தாள்.