நடுவில் நெல்லிவாசல்

“கட்டில உடு ரஞ்சிதம். தல தெக்காலதான் இருக்கணும். செத்தவனுக்கு மொற இன்னான்னு ஒனக்குத் தெரியாதா?”

பெரியப்பா ராஜாக்கண்ணு ஒரு முனையை இழுக்க, மறுமுனையை அம்மா விடவில்லை. இடையில் அப்பா சிங்காரம் யார் பக்கமும் பேசாமல் படுத்திருந்தார். உயிரோடிருந்தபோதும் அண்ணனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் அவர் அப்படித்தான்.

“மாமா, புள்ள இருக்கிற பக்கம் பாத்துக்கினேதான் போவேன்னாரு ஒங்க தம்பி. மாத்த மாட்டேன்னு கையடிச்சி சத்தியம் பண்ணேன்.”

மகன் அன்பரசன் கனடா போய் ஆறு வருடம். அவன் வந்து சேர இரண்டு நாளாகும். மலையில் அதுவரை உடலை வைத்திருக்க வழியில்லை. அவன் கிளம்பிய வாரமே பள்ளிக்கூடச் சுவரிலிருந்த உலகப்படத்தைப் போய்ப் பார்த்தார் அப்பா. கனடா இடது ஓரத்தில் இருந்தது. வந்ததும் கட்டிலை மேற்கே, புளியமரம் இருந்த பக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

மகள் அருணாவுக்குச் சென்னையில் வரைபடம் போடும் வேலை. “நம்ம ஊர நடுவுல வச்சி ஒன்னு போட்டுக் குடும்மா” என்று அப்பா கேட்டிருந்தார். போன தீபாவளிக்கே கொண்டுவந்துவிட்டாள். நடுவில் நெல்லிவாசல், சுற்றிலும் வட்டமாக உலகம். நடுப்புள்ளியிலிருந்து எந்த ஊருக்குக் கோடு இழுத்தாலும் திசை பிசகாது. ஆனால் படுக்கையில் கிடந்தவரிடம், நீ பார்க்கும் திசை தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. ‘இன்னும் முடியலப்பா’ என்று பொய் சொல்லிப் பரண்மேல் போட்டுவிட்டாள்.

இப்போது ஏறி எடுத்து, அம்மாவின் முன்னால் தரையில் விரித்தாள்.

“இது நம்ம வூடு. இது அன்பு இருக்கிற ஊரு. பூமி உருண்டையாச்சே, நேரா பாத்தா வடக்கதாம்மா இருக்கான். துளி சாஞ்சாப்ல.”

அம்மா ஒரு கையால் கட்டிலைப் பிடித்தபடியே, இரண்டுக்கும் இடையிலிருந்த கோட்டை விரலால் தடவிக்கொண்டே போனாள். பெரியப்பாவும் கட்டிலை இழுப்பதை நிறுத்தியிருந்தார்.

“அப்ப ஆறு வருசமா அந்தப் புளியமரத்ததான் பாத்துக்கினு கெடந்தாராடி?”

அருணா அழுதாள்.

“திருப்புங்க மாமா” என்று அம்மா கட்டிலை விட்டாள்.

தலை தெற்கே போனது, கால் வடக்கே. அம்மா இன்னொரு தலையணையைக் கொண்டுவந்து தலையை உயர்த்தி வைத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து கால்மாட்டில் கூடி உட்கார்ந்தார்கள்.

“சம்பூர்ணம், கொஞ்சம் தள்ளி உக்காரும்மா” என்றாள் அம்மா. “அவருக்கு மறைக்குது.”