கால் அங்குலச் சரிவு

சுவரில் அறுத்த சதுரத்துக்குள் தகரக் கூட்டைச் செருகி, அதன்மேல் ரசமட்டத்தை வைத்தார் ஏசி மெக்கானிக். குமிழி நடுக்கோட்டைத் தாண்டி அறைப்பக்கமாக ஒதுங்கி நின்றது. அவர் தலையாட்டிக்கொண்டார். பின்னால் நின்ற வீட்டுக்கார டீச்சருக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

"தம்பி, கோணலா இருக்கே. கண்ணை உறுத்துது."

"கோணல் இல்லீங்க டீச்சர், சரிவு. வெளிப்பக்கம் கால் அங்குலம் எறங்கி இருக்கணும். அப்பதான் தண்ணி வெளிய போகும்."

"கால் அங்குலத்துல என்ன வந்துடப் போகுது? சட்டுன்னு முடிங்க. அவரால இந்த வெக்கையைத் தாங்க முடியலை."

கட்டிலில் டீச்சரின் கணவர் படுத்திருந்தார். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நெஞ்சைத் திறந்து தைத்து இரண்டு வாரம்தான் ஆகிறது. "விடு, சுவத்துல ஓட்டை போட்டாச்சு. உங்கிட்ட இருந்து தப்பிக்க எனக்கு ஒரு வழி கெடைச்சிருக்கு" என்றார். டீச்சர் சிரித்துவிட்டார். "மொதல்ல கட்டிலை விட்டு எறங்குங்க."

எந்த வீட்டிலும் இப்படி ஒரு பேச்சு வந்தால் மெக்கானிக்கும் தன் பங்குக்கு ஒன்று எடுத்துவிடுவார். இன்று வாய் வரவில்லை. கால் அங்குலத்தில் என்ன வந்துவிடப் போகிறது? போன கோடையில் அவரே தன் வீட்டில் சொன்ன அதே வார்த்தை.

அவர் மனைவி பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடம். ஆட்டோ திரும்பத் திணறும் சந்தில் ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுப்பாள். பிள்ளைகள் அவளைப் பைலட் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊர் வீட்டுக்கெல்லாம் குளிர் பூட்டுகிறவரின் வீட்டில் அதுவரை காற்றாடிதான். போன கோடையில் ஒருநாள், இரண்டு வேலைகளுக்கு நடுவே ஓடிவந்து, யாரோ கழற்றிப் போட்ட பழைய ஏசி ஒன்றைப் படுக்கையறைச் சுவரில் மாட்டினார். மட்டம் கண் கணக்குதான். ரசமட்டம் வண்டியிலேயே கிடந்தது. டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மனைவி, "தண்ணி உள்ள வராதுல்ல?" என்று கேட்டாள். அப்போதுதான் அதைச் சொன்னார். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

பதினோராம் நாள் காலை, வேன் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பியவள் விழுந்தாள். சுவரோரமாக இறங்கி டைல்ஸில் பரவியிருந்த தண்ணீர் யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. இடுப்பெலும்பு முறிந்து, இரண்டு ஆபரேஷன் ஆகி, வலது கால் கொஞ்சம் குட்டையாகிப்போனது. வேனுக்கு வேறு ஆள் வந்தாயிற்று. எப்படி விழுந்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, பக்கத்தில் நின்ற இவரைப் பார்க்காமலே, "என் கவனக்குறைவுதான்" என்றாள். இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் இவருக்கு மூச்சு வந்திருக்கும். அன்றோடு அந்த ஏசி நின்றது. அதன்மேல் அவள் ஒரு பழைய திரைத்துணியைப் போட்டு மூடினாள். அதைப் பற்றி இருவரும் பேசவே இல்லை.

"இவ்வளவு பாக்கறீங்களே, உங்க வீட்டுல பக்காவா மாட்டியிருப்பீங்க" என்றார் டீச்சர்.

"இல்லீங்க." அவர் கூட்டைச் சுற்றிலும் இருந்த இடைவெளியில் கலவையை அப்பிக்கொண்டே சொன்னார். "எங்க வீட்டுல நேரா மாட்டிட்டேன். தண்ணி உள்ள எறங்குச்சு. வீட்டுக்காரம்மா வழுக்கி விழுந்துட்டாங்க. இப்ப வாக்கர் வெச்சுதான் நடக்கறாங்க."

யாரிடமும் சொல்லாததை எப்படிச் சொன்னோம் என்று அவருக்கே புரியவில்லை.

"சரிச்சே வைங்க" என்றார் டீச்சர்.

இயந்திரத்தை உள்ளே தள்ளி, பின்னால் குழாயை மாட்டி, தண்ணீர் சுவரை விட்டுத் தள்ளி விழும்படி விட்டார். இயந்திரத்தின் அடித்தட்டில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினார். டீச்சர் தானாகவே வெளியே போய் நின்றுகொண்டு, "வருது தம்பி! இங்கதான் வருது!" என்று கூவினார்.

மெக்கானிக் அடுத்த வேலைக்குப் போகவில்லை. நேராக வீட்டுக்கு வந்து, திரைத்துணியை எடுத்துவிட்டுத் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினார். வாக்கர் தரையில் தட்டும் ஓசை அறை வாசலில் வந்து நின்றது.

"யாருக்காவது குடுக்கப் போறீங்களா?"

"இல்ல. சரியா மாட்டப் போறேன்." இயந்திரத்தை இழுத்துத் தரையில் இறக்கிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அன்னிக்கே செஞ்சிருக்கணும். நான்தான் உன்னை..."

"தெரியும்."

அவள் வாக்கரை ஓரடி உள்ளே நகர்த்தினாள்.

"எனக்கு எவ்வளவு கோவம் இருந்துச்சு தெரியுமா? இப்பவும் இருக்கு."

"சொல்லியிருக்கலாம்லம்மா."

"சொல்லியிருந்தா நீங்க அழுவீங்க. அப்புறம் நான் உங்களைத் தேத்தணும். அதுக்கு எங்கிட்டத் தெம்பு இல்லைங்க."

அவள் மெல்ல வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். காலியான சதுரத்தின் வழியே பக்கத்து வீட்டுக் கொடியில் ஒரு வெள்ளைச் சட்டை ஆடுவது தெரிந்தது. தெருக் காற்று உள்ளே வந்தது. சூடாகத்தான் இருந்தது. இருந்தும் அவள் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை அதற்கு நேராக நீட்டினாள். நெற்றியில் நரைத்த முடி ஒன்று எழுந்து எழுந்து படிந்தது. அவர் தரையில் மண்டியிட்டபடி, இயந்திரத்தின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.