ஜெயந்தினியின் ஆம்பை நான் தேர்ந்தெடுக்கப் பார்த்த கதை

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. என் வீட்டு முன்னறையில் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒருத்தி கொண்டுவந்து இறக்கியது. கதை எதுவும் தோன்றாமல் நான் காய்ந்துபோயிருந்த நேரம், கையில் கிடைத்ததை விட மனம் வரவில்லை.

தொடக்கம் ஒன்று: மலையை மூடியிருந்த பனிமூட்டத்தினூடே ஜெயந்தினி...

இல்லை. மலையகக் கதை பனிமூட்டத்தில்தான் தொடங்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

தொடக்கம் இரண்டு: இசை என்பது மனித மனத்தின்...

எனக்கே கொட்டாவி வருகிறது.

தொடக்கம் மூன்று: ஜெயந்தினி ஸ்பீக்கரை முதலில் வாங்கிவிட்டாள்.

இது நிற்கட்டும்.

2

ஜெயந்தினி, நோட்டன் பிரிட்ஜுக்குப் போகிற வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறாள். கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. பகலெல்லாம் அழுகைச் சத்தம். சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து ஒரு பாட்டை ஒழுங்காகக் கேட்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அவள் கணவன் வினோஜன் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவன். நான் ஹட்டனில் படிப்பிக்கிறேன், மிச்ச நேரத்தில் எழுதுகிறேன்.

கொழும்பில் யாரோ வீட்டைக் காலி செய்தபோது, அங்கே வேலை செய்யும் தம்பி மூலமாக அவளுக்கு ஒரு சோடி ஸ்பீக்கர் பெட்டிகள் கிடைத்தன. சிறியவை, நல்ல மரம். அழகைப் பார்த்து வாங்கியவள், பின்பக்கத்தில் ஒட்டியிருந்த எண்பத்துநாலு என்ற எண்ணைப் பிறகுதான் பார்த்தாள்.

[ஒரு சிறு நிறுத்தம். ஒரு வாட் மின்சாரம் கொடுத்தால் பெட்டி எவ்வளவு சத்தம் போடும் என்பதைச் சொல்கிற எண் அது. தொண்ணூற்றைத் தாண்டினால் சுறுசுறுப்பு. எண்பத்துநாலு சரியான சோம்பேறி. இதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள்.]

என்னோடு படிப்பிக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் மயூரதனுக்கு, ஸ்பீக்கருக்குச் சக்தி ஊட்டுகிற பழைய மாதிரி வால்வு ஆம்ப் செய்வது பொழுதுபோக்கு. அவரிடம் இரண்டு இருந்தன. ஒன்று மூன்றே வாட் தருகிற சின்னது. மற்றது முப்பது வாட்டுக்கு மேல், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். "ரெண்டையும் கொண்டுபோய்க் கேளுங்கோ. ஒண்டை வைச்சுக்கொண்டு மற்றதை நான் மாற்றலாகிப் போறதுக்கு முதல் தந்தாச் சரி" என்றார்.

வினோஜன் கேட்டுப் பார்க்கவே இல்லை.

"சின்னதே போதும் ஜெயந்தி. கோயில் குழாய் ஸ்பீக்கருக்கு நா போடுறது சின்ன ஆம்புதான். தோட்டத்துல மூணு டிவிசனுக்கும் கேக்குது. இந்த ஒத்த அறை காம்பராவுக்கு என்னாத்துக்கு முப்பது?"

"குழாய் வேறங்க, இந்த பொட்டி வேற. குழாய் கொஞ்சமா வாங்கிக்கிட்டு ஊருக்கே கத்தும். இது நெறைய தின்னுட்டு மெதுவாத்தான் பேசும்."

"பதினஞ்சு வருசமா சவுண்ட் கட்டுறவன் நானா, நீயா?"

3

என் முதல் பிரதியில் இந்த இடத்தில் ஒரு வாக்கியம் இருந்தது: 'தொழில்காரனின் சொல்லுக்கு மறுபேச்சு ஏது? சின்னதே நின்றது.' பிறகு வினோஜன் தன் தவறை உணர்ந்து பெரியதை வாங்கித் தருவதாக முடித்திருந்தேன். நல்ல கணவன், நல்ல முடிவு என்று எனக்குத் திருப்தி.

அதை ஜெயந்தினிக்குப் போனில் அனுப்பினேன். உடனே அழைத்தாள்.

"அக்கா, எங்க வீட்டு டீவி அவரு எடுத்தது. கட்டில் அவரு எடுத்தது. அலுமாரி, சொவத்துக்கு அடிச்ச பெயிண்ட் எல்லாமே அவருதான். கோவத்துல சொல்லல, நல்ல மனுசன்தான். ஆனா நானா எடுக்குற மொத சாமான் இது ஒன்னுதான். கதையிலயும் அவரையே எடுக்க வைப்பீங்களா?"

அந்தப் பிரதி இப்போது இல்லை.

4

இனி, நடந்ததை நடந்தபடி.

இரண்டு ஆம்புகளும் ஜெயந்தினி குடியிருக்கும் லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, வந்துசேர்ந்த அன்று பின்னேரமே பக்கத்துக் காம்பராவில் அம்மாக்கண்ணுவின் கணவர் மூக்கன் இறந்துபோனார். லயத்தில் நடுச்சுவர் கூரைத் தகரம் வரை போகாது. இந்தப் பக்கம் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். எழவு விழுந்தால் கருமாதி முடியும்வரை அந்த வரிசையில் யாரும் ரேடியோ, டீவி போடமாட்டார்கள். மயூரதனோ கருமாதிக்கு முன்பே ஊருக்குப் போகிறார். கேட்காமலேயே ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

நான் விடுவேனா? இரண்டாம் பிரதியில் அம்மாக்கண்ணுவைக் கண்ணைத் துடைத்தபடி வர வைத்தேன். 'போடு புள்ள. அவருக்கும் பாட்டுன்னா உசுரு' என்று சொல்லவும் வைத்தேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

"அவங்க அப்பிடிச் சொல்லலக்கா" என்றாள் ஜெயந்தினி. "சொல்லியிருந்தாலும் நா போட மாட்டேன். நீங்க அழகா எழுதணுங்கிறதுக்காக அவங்க துக்கத்த கொறைக்காதீங்க."

வெட்கமாகப் போய்விட்டது. அழித்தேன்.

5

ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் என் வீட்டு வாசலில் ஒரு முச்சக்கர வண்டி நின்றது. பெட்டிகள் இரண்டும் அரிசிச் சாக்குக்குள். பெரிய ஆம்பை வினோஜன் தூக்கி வந்தான். முகம் சரியில்லை, ஆனாலும் அவன்தான் தூக்கினான்.

"ஒங்க வீட்டுல போட்டுக் கேக்கலாம்லக்கா?" என்றாள் அவள்.

முதலில் சின்னது. ஒரு பெண் பாடினாள். அந்தக் குரலை எப்படிச் சொல்ல... என் சோபாவில் வந்து உட்கார்ந்து பாடினாள் என்று எழுதிக்கொள்கிறேன். பிறகு தவில் நுழைந்தது. ஜெயந்தினி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியதும் பெட்டி திணறியது. தவில் தகரம் தட்டுவதுபோல் ஒலித்தது.

அடுத்து பெரியது. தவில் தவிலாக விழுந்தது. பாடியவள் மட்டும் சோபாவை விட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள்.

வினோஜன் குனிந்து பெட்டியின் பின்பக்கத்து எண்ணைப் பார்த்தான். "குழாய நெனச்சுச் சொல்லிட்டேன்" என்றான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது. அடுத்த நொடியே, "அப்ப பெருசையே எடு" என்றான்.

"ஆமாம், பெரியதுதான் சரி" என்று நானும் சொன்னேன்.

"இது அக்காவோட ஹோலு. நம்ம காம்பரா இதுல பாதிகூட இல்ல. பொட்டிக்குப் பக்கத்துல உக்காருவேன், கொறச்சுத்தான் வப்பேன். அங்க சின்னது திணறாமலும் இருக்கலாம்" என்றாள். "ரெண்டு பேரும் சும்மா இருங்க. நா யோசிக்கிறேன்."

6

முடிவுகளைத் தயாராக வைத்திருந்தேன்.

(அ) அவள் குரலுக்காகச் சின்னதை எடுக்கிறாள்.

(ஆ) அவள் தவிலுக்காகப் பெரியதை எடுக்கிறாள்.

(இ) தேர்வை வாசகரிடமே விட்டுவிடுகிறேன்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பெருந்தன்மையாகத் தெரியும், வேலையும் மிச்சம். அவளிடம் சொன்னேன்.

"வாசகருன்னா யாருக்கா?"

"படிக்கிறவங்க."

"அவங்க ரெண்டையும் கேட்டாங்களா? எங்க காம்பராவுல ஒக்காந்திருக்காங்களா? அவங்க எப்பிடி எடுப்பாங்க?"

ஆகவே, மன்னிக்க வேண்டும். உங்களுக்கென்று எடுத்துவைத்திருந்த தேர்வை அவள் வாங்கிக்கொண்டாள்.

7

ஓர் ஆம்ப் மயூரதனோடு ஊருக்குப் போனது. கருமாதி முடிந்ததும் ஜெயந்தினி அம்மாக்கண்ணுவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எனக்குச் சொல்லியனுப்பினாள். போனேன். பலகைத் தட்டில் ஆம்ப் இருந்தது. எதை வைத்துக்கொண்டாள் என்று கண்ணால் பார்த்தேன். இங்கே எழுதமாட்டேன். நான் எழுதினால் அவள் எடுத்தது சரியா பிழையா என்று நீங்களும் நானும் பேசத் தொடங்குவோம். அவளுக்குப் பதிலாகப் பேச ஏற்கெனவே ஆட்கள் அதிகம்.

அவள் சுவிட்சைப் போட்டாள். வால்வுகள் மெல்லச் சிவந்தன. பெண் பாடினாள். தவில் வந்தது. பெட்டி திணறவில்லை, பாடியவளும் எங்கேயும் எழுந்து போகவில்லை. ஜெயந்தினி வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது.

கட்டிலில் உட்கார்ந்திருந்த வினோஜனின் கை, பழக்கதோசத்தில், சத்தம் கூட்டும் குமிழை நோக்கி நீண்டது. பாதியில் நின்றது. பிறகு திரும்பி அவன் மடிக்கே வந்துவிட்டது.

சத்தம் எவ்வளவு வைப்பது என்பதையும் அவளே பார்த்துக்கொண்டாள்.