ஆடியில் ஒரு ரத்துப் பத்திரம்

ஆடி மாசம் பேனாவைத் தொட மாட்டேன் என்று சொன்ன மனுசன், அந்த ஆடி முடியும் முன்னாலேயே ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது? நூருன்னிசாவுக்கு நன்றாகவே எரிந்தது. காலையில் பத்திரம் எழுதுகிற நாகராஜன் போன் பண்ணினான்.

"அக்கா, நமசிவாயம் அண்ணாச்சி அந்தக் குத்தாலத்து வீட்டு அக்ரிமெண்ட்ட ரத்து பண்ணணும்னு சொல்லுதாவ. வேற பார்ட்டி வந்துருக்காம். அட்வான்ஸ முழுசாத் திருப்பித் தந்துருவாவளாம். நீங்க வந்து கையெழுத்துப் போட்டா வேல முடிஞ்சுது."

"ஆடியில எப்படிப்பா பத்திரம் போடுவாவ? ஆவணி பொறக்கட்டும்னு சொன்னதே அவியதான!"

"நானும் கேட்டேன்க்கா. நல்ல காரியந்தான் ஆடியில ஆகாது, ரத்து என்ன நல்ல காரியமான்னு கேக்காவ."

அடுப்பில் பால் பொங்கி வழிந்து திரியை நனைத்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நீங்களே நியாயம் சொல்லுங்கள். தென்காசியில் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாடகை வீடுதான். வீட்டுக்காரர் முகம் கோணும்போதெல்லாம் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனவள் அவள். புருசன் காஜா தம்மாமில் லாரி ஓட்டுகிறார். இருபத்தாறு வருசமாக ஓட்டுகிறார். இரண்டு வருசத்துக்கு ஒரு தடவை வருவார், இரண்டு மாசம் இருப்பார், பெட்டியைக் கட்டுவார். ஒரே மகள் ஹஸீபாவைக் கடையநல்லூரில் கட்டிக் கொடுத்தபோதுகூட நிக்காஹ் முடிந்த நாலாம் நாள் விமானம் ஏறிவிட்டார்.

அந்த மனுசன் இந்தச் சித்திரை லீவில் வந்தபோதுதான் ஐந்தருவி ரோட்டுச் சந்தில் அந்த வீட்டைப் பார்த்தார். நமசிவாயம் மின்வாரியத்திலிருந்து ரிட்டையர் ஆனவர். மகனுக்கென்று தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே கட்டினது. மகன் கோயம்புத்தூரோடு போய்விட்டான். காஜா மாடி வரைக்கும் ஏறி இறங்கினார். பிறகு நூருன்னிசாவிடம் சொன்னார், "இந்தத் தடவ போயி கணக்க முடிச்சுட்டு வந்துருதேன் நூரு. சர்வீஸ் பணம் மொத்தமா வரும். அதுல பாக்கியக் கொடுத்து கிரயம் முடிச்சிருவோம். அப்புறம் நான் எங்கயும் போறதா இல்ல."

அவளுக்கு அந்த வீடு வேண்டியதே அதற்காகத்தான். வீடு முடிந்தால் ஆள் வந்துவிடுவார். சீட்டுப் பணத்தோடு தன் இரட்டைவடத்தையும் விற்றுச் சேர்த்து அட்வான்ஸ் கொடுத்தபோது கழுத்து வெறிச்சென்று இருந்தது. அவள் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. இரண்டு பேர் பெயரிலும் அக்ரிமெண்ட் எழுதி ரிஜிஸ்தர் பண்ணினார்கள். நாகராஜன் நிறுத்தி நிறுத்தி வாசித்தான்: மூன்று மாசக் கெடு. வாங்குகிறவர்கள் பின்வாங்கினால் அட்வான்ஸ் போச்சு. விற்கிறவர் பின்வாங்கினால் இரண்டு மடங்காகத் தர வேண்டும். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நல்ல நாளில் இந்த வரியையெல்லாம் யார் காதில் வாங்குகிறார்கள்?

ஆடி பிறந்ததும் நமசிவாயம் குடையும் கையுமாகத் தென்காசிக்கு வந்துவிட்டார். "தங்கச்சி, கெடு ஆடிக்குள்ள முடியுது. ஆனா ஆடியில நான் பேனாவத் தொட மாட்டேன். எங்க அப்பா காலத்துப் பழக்கம். ஆவணி பொறக்கட்டும், மொத முகூர்த்தத்துல முடிச்சிருவோம்" என்றார். நூருன்னிசாவுக்கு ஆடியும் ஒன்றுதான் ஆவணியும் ஒன்றுதான். ஆனால் நோன்பு மாசத்தில் வீடு காட்ட வந்தபோது அவள் எதிரில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காத மனுசன் அவர். அவர் நம்பிக்கையை நாம் மதிக்க வேண்டாமா? "உங்க மனசு போல செய்ங்க அண்ணாச்சி" என்று சொல்லி, இஞ்சி டீ போட்டுக் கொடுத்து அனுப்பினாள். இந்தா, போன வாரம் கெடு முடிந்தது. இந்த வாரம் ரத்து. டீ குடித்த வாய் என்ன சொல்கிறது பாருங்கள்!

அவள் காஜாவுக்குப் போன் அடித்தாள். விசயத்தைச் சொன்னாள். மறுமுனையில் லாரி ஓடுகிற சத்தம் கேட்டது.

"விட்டுரு நூரு. அட்வான்ஸ் முழுசா வருதுல்லா? வாங்கி பேங்குல போட்டு வை. வேற வீடு பாப்போம்."

"என்னங்க இப்படிச் சொல்லுதிய? நம்மள ஏமாத்திட்டாவங்க. கெடுவத் தள்ளிப் போடச் சொன்னதே அவிய."

"அவரு பெரிய மனுசன். சண்டைக்குப் போவாத. கையெழுத்தப் போட்டுட்டு வா."

கொத்தமல்லிக் கட்டுக்கு ஒரு ரூபாய் கூடச் சொன்னால் காய்கறிக்காரரோடு மல்லுக்கு நிற்கிற ஆள் இவர். லட்சக்கணக்கான விசயத்தில் இப்படிப் பூப்போலப் பேசுகிறார். தூர தேசத்தில் கிடந்து கிடந்து மனுசனுக்கு ரோசமே செத்துவிட்டது என்று நினைத்தாள். சரி, அவர் பேசாவிட்டால் போகட்டும், எனக்கு வாய் இருக்கிறது என்று துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு பஸ் ஏறினாள்.

சீசன் நேரம். பஸ்ஸில் பாதிப் பேர் தலையில் எண்ணெயோடு துண்டு போட்டுக்கொண்டு நின்றார்கள். ஐந்தருவி ரோட்டில் இறங்கியதும் சாரல் முகத்தில் அடித்தது. சந்துக்குள் அந்த வீடு பூட்டியபடி நின்றது. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், பார்த்துவிட்டாள். மாடியில் கொடி கட்டினால் எந்தப் பக்கம் வெயில் விழும் என்றுகூட அவள் யோசித்து வைத்திருந்தாள்.

பக்கத்து வீட்டில் நமசிவாயம் நாற்காலியில் பேப்பரோடு இருந்தார். அவர் மனைவி முத்துவடிவு தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வா தங்கச்சி, உக்காரு. மழையில நனஞ்சுட்டியே."

"உக்கார வரல அண்ணாச்சி. ஆடியில கிரயம் ஆகாது, ரத்து மட்டும் ஆகுமோ?"

நமசிவாயம் பேப்பரை மடித்தார். ஒழுங்காக மடித்ததை மறுபடியும் பிரித்து மடித்தார். "இல்லம்மா... மகன் இப்ப விக்க வேண்டாம்னு சொல்லுதான்."

"நாகராஜன்கிட்ட வேற பார்ட்டி வந்துருக்குன்னு சொன்னிய. எங்கிட்ட மகன்னு சொல்லுதிய. எதுண்ணாச்சி நெசம்?"

"எதுவா இருந்தா என்னம்மா? உங்க காசு ஒத்தப் பைசா கொறையாம உங்க கைக்கு வருது."

அவ்வளவுதான். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவளுக்கு வாய் திறந்துகொண்டது.

"ஒத்தப் பைசா கொறையாமயா? பின்வாங்குதது யாரு? நாங்களா நீங்களா? நீங்கன்னா ரெண்டு மடங்கா வைங்க. அக்ரிமெண்டுல அப்படித்தான எழுதிருக்கு? உங்க சாமிக்காக நான் ஒரு மாசம் பொறுத்தேன். என் வடத்த வித்த காசு அது. என் மாப்பிள இருவத்தாறு வருசம் வெயில்ல ஓட்டிச் சம்பாரிச்ச நம்பிக்க அது. பாவம் பொம்பள, புருசன் ஊருல இல்ல, ஏச்சிட்டாக் கேக்க ஆளில்லன்னு நெனச்சியளோ? நான் வக்கீலப் பாப்பேன். ரெட்டிப்பா வாங்காம விடவே மாட்டேன்."

நமசிவாயம் மடித்த பேப்பரை மடியில் வைத்தார். அவர் முகத்தில் ஏமாற்றுகிறவனின் திருட்டு முழி இல்லை. அடி வாங்கிக்கொண்டு சும்மா நிற்கிற மாடு போல இருந்தார். அது அவளை இன்னும் எரிச்சல் படுத்தியது.

"சொல்லுங்க அண்ணாச்சி! வாயில என்ன வச்சிருக்கிய?"

டக்கென்று கத்தியைத் தரையில் வைத்தாள் முத்துவடிவு. "போதும்ங்க. இன்னும் எத்தன பேச்சு கேப்பிய? சொல்லித் தொலைங்க. நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

"ஏ, சும்மா இரு."

"நான் ஏன் சும்மா இருக்கணும்? எம் வீட்டுக்காரர எங்க வீட்டுக்குள்ளயே வந்து ஒருத்தி திருடன்னு பேசுதா, நான் வெங்காயம் உரிச்சிட்டு இருக்கணுமோ?" அவள் நூருன்னிசாவின் பக்கம் திரும்பினாள். வெங்காயத்தாலோ எதாலோ கண் கலங்கியிருந்தது. "பின்வாங்கினது நாங்க இல்ல தாயி. உன் வீட்டுக்காரரு."

நூருன்னிசாவுக்கு முதலில் புரியவே இல்லை. "யாரு?"

நமசிவாயம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது என்கிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார்.

"ஆடி பொறக்கதுக்கு முந்தின வெள்ளிக்கிழம காஜா பாய் போன் பண்ணுனாரும்மா. கம்பெனியில இன்னும் மூணு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டாராம். வேலய விட்டாத்தான சர்வீஸ் பணம்? அது இல்லாம பாக்கிய எப்படிக் கொடுக்க? பின்வாங்கினா அட்வான்ஸ் போயிரும், நூரு வடத்த வித்த காசு, அது போனா அவ தாங்க மாட்டான்னு அழுதாரு. நீங்க பின்வாங்கின மாதிரி சொல்லிருங்க அண்ணாச்சின்னு கேட்டாரு. நான் என்னம்மா செய்ய? ஆம்பள அழுதா எனக்குக் கை காலு ஓடாது. யோசிச்சுச் சொல்லுதேன்னு சொல்லிட்டு, நாள் கடத்த ஆடியப் பிடிச்சேன். ஆடியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. நான் இந்த வீட்டுக்கு வாசக்கால் வச்சதே ஆடியிலதான்."

"கம்பெனிக்காரன் வற்புறுத்திருப்பான்" என்றாள் நூருன்னிசா.

"நானும் அப்படித்தான் கேட்டேன். இல்லம்மா. அவராத்தான் போய்க் கேட்டு வாங்கிருக்காரு." அவர் தயங்கினார். "வீட்டுக்கு வந்தா என்ன செய்யன்னு தெரியல அண்ணாச்சின்னாரு. ரெண்டு மாசம்னா சமாளிச்சிருவேன், அதுக்கு மேல பயமா இருக்குன்னாரு."

நூருன்னிசா அப்போதுதான் உட்கார்ந்தாள். நாற்காலியில் இல்லை, வெங்காயத் தோலுக்குப் பக்கத்தில், தரையில்.

சித்திரையில் வந்திருந்தபோது காஜா தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால்கூட அடுக்களை வாசலில் வந்து நின்று, "தம்ளர் எங்க இருக்கு?" என்று கேட்பார். பேன் போடட்டுமா என்று கேட்பார். ஹஸீபாவின் பிள்ளை மடியில் ஏறினால் எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் முழிப்பார். கொஞ்ச நாள் போனால் பழகிவிடும் என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. இவளோ அவர் வந்து தங்கப்போகிற வீட்டில் கொடி கட்டிக்கொண்டிருந்தாள். அட, மடச்சி!

அழுகை வந்தது. அடுத்தவர் வீடு என்றெல்லாம் பார்க்காமல் அழுதாள். முத்துவடிவு பக்கத்தில் வந்து முதுகைத் தடவினாள். வெங்காயக் கையோடு தடவினாள். "அழாத தாயி. சம்பாரிக்கத்தான நிக்காரு. வேற எங்கயும் போயிரலயே" என்றாள். அது ஆறுதலா, இன்னொரு குத்தா என்று நூருன்னிசாவுக்குப் பிடிபடவில்லை.

"உங்களுக்கு என்னண்ணாச்சி தலையெழுத்து?" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "சட்டப்படி அட்வான்ஸ நீங்களே வச்சிருக்கலாமே."

"வச்சிருக்கலாம். முத்துவடிவு சோறு போட மாட்டா." அவர் லேசாகச் சிரித்தார். "பெரிய தியாகின்னு நெனச்சிராத. புனலூர்க்காரன் ஒருத்தன் லாட்ஜு வைக்கக் கூடுதலாவே கேக்கான். அவனுக்கு வில்லங்கம் இல்லாம இருக்கணும். எனக்கும் நட்டமில்ல."

"நான் பேசினது தப்பு. மனசுல வச்சுக்கிடாதிய."

"சரி விடு. வா, நாகராஜன் கடைக்குப் போவோம்."

மூன்று பேரும் ஆட்டோவில் தென்காசிக்குப் போனார்கள். ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே நாகராஜனின் கடை. பத்திரம் ரெடியாக இருந்தது. அவன் ஒரு விரலால் காட்டினான். "இங்கன உங்க கையெழுத்து, நூருன்னிசான்னு. அதுக்குக் கீழ காஜா பாய்க்காக நீங்களே போட்டுருங்க. அவரு பயணத்துக்கு முன்னாடி உங்க பேருக்குப் பவர் எழுதிக் கொடுத்துருக்காருல்லா, அது போதும்."

அவள் பேனாவை வாங்கினாள். தன் பெயரை எழுதினாள். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். பிறகு மூடியைப் போட்டு மேசையில் வைத்தாள்.

"கீழயும்க்கா."

"எனக்குள்ளத நான் போட்டுட்டேன். அவருக்குள்ளத அவரு போடட்டும்."

"அவரு தம்மாம்லல்லா இருக்காரு!"

"எனக்குத் தெரியாதா எங்க இருக்காருன்னு?"

நமசிவாயம் பதறிப்போனார். "ஏ தங்கச்சி, ஒரு கையெழுத்து இருந்து என்னத்துக்கும்மா ஆகும்? புனலூர்க்காரன் காத்துக் கெடக்கான். உனக்கு நல்லது செய்யப்போய் என் தலையில மண்ணப் போட்டுராத."

"நீங்க நல்லவிய அண்ணாச்சி. உங்கள நான் குத்தம் சொல்லல. ஆனா அவருக்காக நான் கையெழுத்துப் போட்டா, அவரு வராம இருக்கதுக்கும் நானே சம்மதிச்ச மாதிரி ஆயிரும். அது என்னால முடியாது."

முத்துவடிவு புருசனின் கையைப் பிடித்து அழுத்தி, சும்மா இருங்க என்று கண்ணைக் காட்டினாள்.

நூருன்னிசா கடை வாசலில் வந்து நின்று போன் அடித்தாள். முதல் மணியிலேயே காஜா எடுத்தார். காத்துக்கொண்டிருந்திருப்பார் போல.

"முடிஞ்சுதா நூரு?"

"என் பங்கு முடிஞ்சுது. உங்க பங்கு அப்படியே கெடக்கு."

"பவர்தான் உங்கிட்ட இருக்கே."

"இருக்கு. போட மாட்டேன். வீடு வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிம இருக்கு. வர மாட்டேன்னு சொல்லவும் உரிம இருக்கும் போல. அத எம் முகத்தப் பாத்துச் சொல்லுங்க. வந்து, எதுக்க உக்காந்து சொல்லுங்க. அடுத்த வீட்டு ஆம்பள வாயால எனக்குச் சொல்லி அனுப்பாதிய."

மறுமுனையில் வண்டி ஓரமாக நின்றது கேட்டது. எஞ்சின் அணைந்தது. மூச்சு மட்டும் வந்தது. பயப்படுகிற மனுசனின் மூச்சு அது என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. பாவமாக இருந்தது. கோபமும் அப்படியே இருந்தது.

கடைசியில் காஜா தொண்டையைக் கனைத்தார்.

"அண்ணாச்சியோட பார்ட்டி எத்தன நாள் பொறுப்பான்?"

வருவதற்குக் கேட்கிறாரா, வராமல் இருக்க வழி தேடுகிறாரா? இத்தனை வருசம் குடும்பம் நடத்தியும் அவளால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அத அவருக்கே போன் பண்ணிக் கேளுங்க" என்றாள் நூருன்னிசா. "அவருகிட்டத்தான் உங்களுக்குப் பேச வருது."