ஓட்ஸ் கஞ்சியும் அம்மாவின் சாட்சியும்

மாத்திரையைப் பொடியாக்க உரல் எதுவும் தேவையில்லை. இரண்டு கரண்டி போதும். ஒன்றின் குழியில் மாத்திரையை வைத்து, இன்னொன்றின் முதுகால் அழுத்தினால் நொறுக்கென்று உடைந்துவிடும். இரண்டு சுற்று தேய்த்தால் மாவு. அதைச் சூடான ஓட்ஸ் கஞ்சியில் கொட்டிக் கலக்கி, மேலே கொஞ்சம் பால் ஊற்றிவிட்டால் கர்த்தரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. கர்த்தருக்குத் தெரியும் என்பதுதான் வாயாடிக்குச் சிக்கலாக இருந்தது.

வாயாடி என்பது சபை வைத்த பெயர். ஏழு வயதில் வேதபாட வகுப்பில் எழுந்து நின்று, "இயேசு குருடன் கண்ணுல சேறு பூசினாரே, அது மருந்து இல்லையா?" என்று கேட்டுவிட்டாள். அன்று ஒட்டிக்கொண்ட பெயர் நாற்பதை நெருங்கும்போதும் உதிரவில்லை. ஏனென்றால் அந்தச் சபையில் மருந்து கூடாது. காய்ச்சலோ கட்டியோ, எதற்கும் ஜெபம்தான். மாத்திரை போட்டு அகப்பட்டுக்கொண்டால் சபையை நடத்தும் மூப்பர் பின்பெஞ்சில் உட்காரவைத்துவிடுவார். பின்பெஞ்சு என்பது வாசலோரம், செருப்புகளுக்குப் பக்கத்தில் கிடக்கும் ஒரு பலகை. அதில் உட்கார்ந்தவர்களுக்கு, இயேசுவின் நினைவாக எல்லாரும் பகிரும் அப்பத்தட்டு வராது. முந்தின வரிசைவரை வந்து திரும்பிப் போய்விடும்.

வாயாடியின் அப்பா காலில் ஒரு புண்ணோடு சர்க்கரை நோயில் போனார். அப்போது அவள் கல்லூரியில் இரண்டாம் வருடம். வீட்டுக்குத் தெரிந்து வேதியியல், உண்மையில் மருந்தாளுநர் படிப்பு. அடக்கம் முடிந்த மூன்றாம் மாதம் சபையை விட்டு வெளியே வந்தாள். ஏன் என்று கேட்டவர்களிடமெல்லாம், "கோபம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டாள். கோபம் சபைமேல்தான், இயேசுமேல் இல்லை. அவரை விட்டுவிட்டு எங்கே போவது? பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு மாடியில் நடக்கும் சின்னச் சபையில் போய்ச் சேர்ந்தாள். அங்கே போதகர் பிரசங்கத்துக்கு நடுவில் தும்மினால் நாலு பக்கத்திலிருந்தும் தைலப் புட்டியை நீட்டுவார்கள். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

பதினெட்டு வருடம் அம்மா அங்கே, மகள் இங்கே. ஆனால் வீடுகளுக்கு நடுவில் ஒரே ஒரு தெரு. சபையை விட்டுப் போனவள் கையால் சாப்பிடலாம், அவளோடு சேர்ந்து ஜெபிக்கத்தான் கூடாது என்று மூப்பர் ஒரு கோடு கிழித்திருந்தார். அம்மா அந்தக் கோட்டை ஒரு நாளும் தாண்டியதில்லை. அவள் ஜெபிக்கும்போது மகள் வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டும். ஆமென்கூடச் சொல்லக் கூடாது.

நாலு மாதத்துக்கு முன்னால் அம்மா மாடிப்படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். வாயாடி தான் வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்து ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கருவி மருந்தாகாது என்று வாதாடி அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றினாள். நூற்றுத் தொண்ணூற்று நாலு. இன்னொரு தடவை பார்த்தாள். அதே எண்.

"அம்மா, கெஞ்சிக் கேக்கறேன், ஒரே ஒரு மாத்திரை..."

"உங்கப்பா படாத பாடா? அவரே கடைசிவரைக்கும் தொடல. நான் தொட்டா அவருக்கு எந்த மூஞ்சியக் காட்டுவேன்?"

அதற்குமேல் என்ன பேசுவது? வாயாடி டாக்டரிடம் போனாள். "அம்மா ஒத்துக்கிட்டாங்களா?" என்று அவர் கேட்டார். "ஒத்துக்கிட்டாங்க" என்று கண்ணை இமைக்காமல் புளுகினாள். மறுநாள் காலையிலிருந்து ஓட்ஸ் கஞ்சி ஆரம்பமானது.

தினமும் காலை எட்டரைக்குக் கிண்ணத்தோடு போவாள். அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் கிண்ணத்தை மூடினாற்போல் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவாள். "ஆண்டவரே, இந்த ஆகாரத்தை ஆசீர்வதியும். இதைச் செஞ்ச கையையும் ஆசீர்வதியும்." செய்த கை முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும். அம்மா ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிடுவாள். ஐயோ, அந்த ஒரு நிமிடத்துக்குப் பூமி பிளந்தால்கூடத் தேவலை என்று வாயாடிக்கு இருக்கும். ஆனால் வாராவாரம் கருவியில் எண் இறங்கியது. நூற்று எழுபது, நூற்று ஐம்பது, கடைசியில் நூற்று முப்பது. எண்ணைப் பார்க்கும்போது சந்தோஷம், அம்மாவைப் பார்க்கும்போது குற்ற உணர்வு.

மூன்றாம் மாதம் ஒரு திங்கட்கிழமை. அம்மா வாசலிலேயே காத்திருந்தாள். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"நேத்து சபையில சாட்சி சொல்லிட்டேன்டி."

"என்ன சாட்சி?"

"ஒரு மாத்திரை தொடாம கர்த்தர் என்னை சொஸ்தப்படுத்தினாருன்னு. வாராவாரம் நீ எழுதிக் குடுத்தியே, அந்த பிரஷர் கணக்கெல்லாம் வாசிச்சுக் காட்டினேன். சபையே எழுந்து நின்னு அல்லேலூயா சொல்லுச்சு. தையல்காரி அழுதே போட்டா."

வாயாடி கிண்ணத்தை வாசற்படியில் வைத்தாள். வாயைத் திறந்தாள். அந்தப் பிரகாசத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். பேருக்குத்தான் வாயாடி!

தையல்காரி சபைக்கு வெள்ளை உடுப்பு தைப்பவள். அவளைப் பற்றி வாயாடிக்கு மட்டும் தெரிந்த ஒரு சங்கதி உண்டு. ஆறு வருடமாக மாதத்தின் முதல் வாரம், கடையில் கூட்டம் இல்லாத மதிய நேரமாகப் பார்த்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வருவாள். ரத்த அழுத்த மாத்திரை இரண்டு அட்டை வாங்கி, மிச்சத் துணியில் சுற்றி, நூல்கண்டுப் பெட்டிக்கு அடியில் மறைத்துக்கொண்டு போவாள். "யார்கிட்டயும் சொல்லிடாதம்மா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள்.

அந்த மாதம் முதல் வாரம் போய், இரண்டாவது வாரமும் போயிற்று. தையல்காரிக்கென்று எடுத்துவைத்த இரண்டு அட்டையும் இழுப்பறையில் அப்படியே கிடந்தன. ஒவ்வொரு தடவை இழுப்பறையைத் திறக்கும்போதும் வாயாடி அவற்றை எண்ணிப் பார்த்தாள். மூன்றாவது வாரம் பொறுக்கமாட்டாமல் சாப்பாட்டு இடைவேளையில் தையல்கடைக்குப் போனாள்.

தையல்காரி ஊசியில் நூல் கோக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். நூல் ஊசிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போயிற்றே தவிர உள்ளே போகவில்லை.

"அக்கா, மாத்திரை வாங்க வரலையே?"

"தூக்கிப் போட்டுட்டேன்." தையல்காரி சிரித்தாள். "ஆறு வருஷம் திருடி மாதிரி தின்னேன்மா. உங்கம்மா சாட்சி கேட்டதும் வெட்கமாப் போச்சு. அந்த வயசுல அவங்களுக்கு அந்த விசுவாசம், எனக்கு என்ன கேடு?"

"தலை வலிக்குதா?"

"கொஞ்சம். கண்ணும் மங்கலா இருக்கு. சோதனை. தாங்கிட்டா போயிடும்."

"அக்கா, சொல்றதைக் கேளுங்க. இன்னைக்கே போடுங்க. இதோ கொண்டு வந்திருக்கேன்."

"நீ சபையை விட்டவ. உன் பேச்சைக் கேக்கவா, உங்கம்மா சாட்சியைக் கேக்கவா?"

சொல்லவேண்டிய இடம் அதுதான். 'அந்தச் சாட்சி பொய், அக்கா, நான்தான் கலந்தேன்.' ஒரே மூச்சில் முடியக்கூடிய வாக்கியம். சொன்னால் சாயங்காலத்துக்குள் அம்மா காதுக்குப் போகும். அப்புறம் அம்மா அவள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கமாட்டாள். மாத்திரை நிற்கும், எண் ஏறும், அவள் தலைசுற்றி விழ மாடிப்படி ஒன்றே போதும். தன் அம்மாவா, யாரோ ஒருத்தியா என்று மனம் நிறுத்துப் பார்த்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், முதலில் அம்மாவைப் பக்குவமாகத் தயார்செய்துவிட்டு நாளைக்கு என்று தனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, அட்டைகளைக் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

நாளை வந்தது. காலை பதினொரு மணிக்குத் தையல்காரி மெஷின்மேலேயே சாய்ந்துவிட்டாள். வாய் ஒரு பக்கம் கோணி, வலது கை விழுந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். உயிர் தப்பியது. கை இனி ஊசி பிடிக்குமா என்பது சந்தேகம் என்றார்கள். மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் கத்தரிக்கோலுக்குப் பக்கத்திலேயே இருந்தனவாம்.

ஒரு நாள். ஒரே ஒரு நாள் முன்னால் அவள் வாயைத் திறந்திருந்தால்!

மறுநாள் காலை கஞ்சிக் கிண்ணத்தை மேஜையில் வைத்தாள். அம்மா கண்ணை மூடப் போனாள்.

"ஜெபம் பண்ணாதீங்கம்மா. அதுல மாத்திரை இருக்கு."

அம்மா கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"நாலு மாசமா."

"தினமுமா?"

"தினமும்."

"நான் கண்ணை மூடி ஜெபிக்கும்போது நீ பாத்துக்கிட்டு நின்னியா?"

"நின்னேம்மா."

அடித்திருந்தால், கத்தியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அம்மா எழுந்து கஞ்சியைத் தொட்டியில் ஊற்றினாள். கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, மகள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த மூன்று நாளும் மகளுக்குக் கதவு திறக்கவில்லை. வாயாடி காலையும் மாலையும் படியில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினாள். உள்ளே நடமாடும் சத்தம் கேட்கிறதே, அதுவே போதும் என்று இருந்தது. வீட்டில் கணவர் தட்டைப் போட்டு உட்காரவைத்தால் ஒரு வாய் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் மாடிச் சபைக்குப் போகவில்லை. பதினெட்டு வருடம் கழித்து அம்மாவின் சபை வாசலில் செருப்பைக் கழற்றினாள். கூடம் மாறவே இல்லை. அதே வெள்ளைச் சுவர், அதே பாய்கள், மூப்பருக்கு மட்டும் முடி நரைத்திருந்தது. வாசலோரப் பலகையில் உட்கார்ந்தாள்.

சாட்சி வேளையில் அம்மா எழுந்தாள்.

"போன மாசம் நான் சொன்ன சாட்சி பொய். என் உடம்புல மருந்து போயிருக்கு. நாலு மாசம்."

கூடம் சலசலத்தது. மூப்பர் கையை உயர்த்தினார். "உங்களுக்குத் தெரிஞ்சேவா உள்ள போச்சு?"

"தெரியாம."

"அப்ப உங்கமேல குத்தம் இல்ல. யார் குடுத்தாங்கன்னு சொல்லிட்டு உக்காருங்க."

எல்லார் தலையும் வாசல் பக்கம் திரும்பின. வாயாடி எழுந்திருக்கக் கால் ஊன்றினாள். அதற்குள் அம்மா பேசிவிட்டாள்.

"சாப்பிட்டது நான். கையைத் தூக்கிச் சாட்சி சொன்னதும் நான்தான். அதைக் கேட்டுத்தான் அந்தப் பொண்ணு கை விழுந்து கிடக்கா. நேத்துப் போய்ப் பார்த்தேன். மாத்திரையைப் போடுன்னு சொல்லிட்டு வந்தேன். இனிமே நானும் போடுவேன். தெரிஞ்சே போடுவேன்."

"விசுவாசத்தை விட்டுட்டீங்களா?"

"இல்ல ஐயா. நாலு மாசம் அந்தக் கஞ்சிக்குக் கர்த்தருக்கு நன்றி சொல்லியிருக்கேன். சொன்ன நன்றியைத் திருப்பி வாங்கிக்க முடியுமா?"

அம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு, வரிசைகளுக்கு நடுவே மெல்ல நடந்துவந்து, பின்பெஞ்சில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அப்பத்தட்டு கிளம்பியது. கைமாறிக் கைமாறி அவர்களுக்கு முந்தின வரிசைவரை வந்தது. அம்மாவின் வலது கை மடியிலிருந்து தானாக எழுந்தது. நாற்பது வருடப் பழக்கம். தட்டு திரும்பிப் போயிற்று. எழுந்த கையை அம்மா இடது கையால் பிடித்து மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா இந்தச் சபையை விட்டு வரவேண்டும் என்று வாயாடி எத்தனை வருடம் வேண்டியிருக்கிறாள்! இப்படியா வேண்டினாள்?

"மாத்திரை வச்சிருக்கியா?" அம்மா முன்பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"இருக்கும்மா."

"கையில குடு."

அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். அம்மா கண்ணை மூடினாள். "ஆண்டவரே, இந்த ஆகாரத்தை ஆசீர்வதியும்." பழக்கத்தில் ஆகாரம் என்றே வந்துவிட்டது. "ஆமென்" என்றாள் வாயாடி. வாய் தவறி வந்ததுதான். அம்மா ஒன்றும் சொல்லாமல் தண்ணீர்கூட இல்லாமல் மாத்திரையை விழுங்கினாள்.

"உன்னை நான் இன்னும் மன்னிக்கல."

"தெரியும்மா."

"ஒண்ணு கேக்கணும். உங்கப்பா படுத்துக் கிடந்தப்ப நீ மருந்துப் படிப்புதானே படிச்சிட்டிருந்தே? உன் பையில சர்க்கரை மாத்திரை இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எனக்குக் கலந்தியே. அவருக்கு ஏன்டி கலக்கல?"

கோபம், கோபம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவந்த பதிலை வாயாடி தேடிப் பார்த்தாள். அது கிடைக்கவில்லை.

"பயந்துட்டேம்மா," என்றாள். உட்கார்ந்திருந்த பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "இந்தப் பெஞ்சுக்குப் பயந்துட்டேன்."