ஒரு நாள் டிக்கெட்

ஏழு வயசுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அதுகளுக்குப் புரிவதுகூட என் அம்மா எலூனெதுக்குப் புரியமாட்டேன் என்கிறது.

இடுப்பெலும்பு முறிந்து அப்பா ஆஸ்பத்திரியில் படுத்து ஒன்பது நாளாகிறது. தினமும் நான்தான் அம்மாவைக் காரில் கூட்டிப்போகிறேன். கார் நிறுத்த ஒரு நாளைக்கு ஆறு பவுண்டு, வாரத்துக்குப் பதினெட்டு. மூன்று நாள் போனாலே போட்ட காசு வந்துவிடும், மீதி நாலு நாள் சும்மா. அம்மாவோ மழையில் மெஷின் முன்னால் நின்று, சில்லறையைத் துழாவி, ஒரு நாள் டிக்கெட்தான் எடுப்பாள்.

"ஏம்மா, இதுவரைக்கும் அம்பத்திநாலு பவுண்டு கொட்டியிருக்கே. ரெண்டு வாரத்துக்கே முப்பத்தாறுதான். பதினெட்டு பவுண்டு தண்டம்!"

"நாளைக்கே அவரை வீட்டுக்கு விட்டுட்டாங்கன்னா?"

"இதையேதான் ஒன்பது நாளாச் சொல்றே!"

"பத்தாவது நாளும் சொல்வேன். உன் டீச்சர் வேலையெல்லாம் பள்ளிக்கூடத்தோட வச்சுக்கோடி, நெரிஸ்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் அவள் குடையை விரிப்பதற்குள் ஓடிப்போய் வார டிக்கெட் எடுத்துவிட்டேன். ரசீதை அவள் கையில் திணித்தேன்.

வழக்கமாக நான் காபி வாங்கிக்கொண்டு மெதுவாகத்தான் மேலே வார்டுக்குப் போவேன். அன்று கூடவே போனேன். அப்பா கஞ்சிக் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கை நீட்டினார்.

"எலூ, இன்னிக்கு ரசீது எங்கே?"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். "தினமும் இதே கூத்துதாம்மா. 'பாருங்கய்யா, ஒரு நாள் டிக்கெட், நாளைக்கு நான் வீட்டுல'ன்னு எங்க வயித்தெரிச்சலைக் கிளப்பிட்டுத்தான் நடக்கவே எழுந்திருப்பார்."

அம்மா ரசீதைக் கைக்குள் மூடிக்கொண்டாள். அப்பா அதை உருவிப் படித்தார்.

"ஏழு நாளா? டாக்டர் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

"ஐயோ, இல்லப்பா! கணக்குப் பார்த்தா இதுதான் மலிவு," என்றேன்.

"சரிதாம்மா. கணக்கு சரிதான்."

நடக்கவைக்க வந்த நர்ஸிடம் இன்றைக்கு வேண்டாம் என்றார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காரில் வெடித்துவிட்டேன். "முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ கணக்குப் போட்டிருப்பே," என்றாள் அம்மா.

அடுத்த நாள் என் காரில் இன்னும் ஆறு நாளைக்குச் செல்லும் டிக்கெட் இருந்தது. மழையில் மெஷின் முன்னால் நின்று ஆறு பவுண்டு போட்டேன். வந்த ரசீதை அம்மாவிடம் கொடுத்தேன்.

"நேத்து உன் பொண்ணு தப்புப் பொத்தானை அமுக்கிட்டான்னு அப்பாகிட்ட சொல்லும்மா."